உறுதி ஆர்ர பேரில?

காரைதீவில ஒரு வளவு விலைக்குக் கிடக்கு என்டு கேள்விப்பட்டதும் "எவ்வளவு?" என்டு கேட்கிற ஆள் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ஊர்க்காரர் முதலில் கேட்கிறது வேற கேள்வி: "உறுதி ஆர்ர பேரில?"

காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் முன் விறாந்தையில இருந்து விலை கதைப்பார். தேத்தண்ணி வரும், கதை நீளும், தரகர் இடையில புகுந்து ரெண்டு பக்கத்தையும் சமாளிப்பார். ஆனால் உறுதியில் இருக்கிற பேர் அவருடையதாக இருக்காது. குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற அவரின் மனைவியின் பேராக இருக்கும். சில நேரம் கல்யாணமாகாத மகளின் பேர். சில நேரம் கட்டாரிலோ லண்டனிலோ இருக்கிற மகளின் பேர். அவ ஓம் என்று சொல்லாமல் வளவு கை மாறாது. காரைதீவில் மட்டும் இல்லை, வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, தெற்கே நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை முழுக்க, தமிழ் வீடு முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் இதுதான் கதை. சண்டை பிடித்த காலத்திலும் எங்கட ரெண்டு சனத்துக்கும் பொதுவாக மிஞ்சின விசயங்களில் இதுவும் ஒன்று.

இப்ப கைத்தொலைபேசியைத் திறந்தால் வீடு வாங்குறது எப்படி என்று பாடம் எடுக்கிற ஆட்கள் கனபேர். வங்கியில் கடன் எடு, சந்தை விலைக்குக் கீழே கேள், வாங்கி வாடகைக்கு விடு, வாடகையில் கடனைக் கட்டு, பிறகு அந்த வீட்டையே ஈடு வைத்து அடுத்ததை வாங்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பாடம், கடன் எடுக்கிறவரும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டுதான் நடக்குது. எங்கட கரையில் வீடு ஒருத்தியுடையது, கடன் இன்னொருத்தருடையது. இந்த இடைவெளி எப்படி வந்தது, அது யாரைக் காப்பாற்றினது, யாரைக் கவிழ்க்குது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிலம். காரைதீவு என்றதும் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் என்றும் கண்ணகை அம்மன் கோயில் என்றும் பாடப்புத்தகம் சொல்லும். வீடு வாங்க வாறவருக்கு அதைவிட முக்கியம் ஊரின் வடிவம். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை, நடுவில் பிரதான வீதியை ஒட்டி ஒரு மெலிந்த குடியிருப்புப் பட்டி. வடக்கிலும் தெற்கிலும் அடுத்த ஊர். கடலைத் தள்ள முடியாது. வயலை நிரப்பி வீடு கட்டலாம் என்று நினைத்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் கமநல ஆணையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப விடாது. அனுமதி இல்லாமல் நிரப்புறவங்களும் இல்லாமல் இல்லை. அப்படி நிரப்பின காணிக்கு வங்கி கடன் கொடுக்காது என்பது பிறகுதான் விளங்கும். ஆக, பிள்ளைகள் பெருகின அளவுக்கு வளவு பெருகவில்லை. ஒரு காலத்தில் அரை ஏக்கராகக் கிடந்த வளவு இப்போது பேர்ச் கணக்கில் துண்டாகியிருக்கு. அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச். நாலு பெண் பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 20 பேர்ச். அதுக்கு அடுத்த தலைமுறையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே பிரித்துப் பாருங்க.

ஏன் பெண் பிள்ளைகளுக்கு? இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. மட்டக்களப்புப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் முக்குவர் சட்டம் என்று ஒரு வழக்காறு இருந்தது. (அம்பாறை 1961வரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது.) அந்த வழக்கில் முதுசொம் தாய்வழியில் இறங்கும். ஒரு ஆணின் முதுசொம் அவரின் சொந்தப் பிள்ளைக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். தேடிய தேட்டத்துக்கு வேற கணக்கு. கிறிஸ்தோபர் பிரிற்றோ என்பவர் 1876ல் இதை ஒரு சிறு நூலாகவே எழுதி வைத்தார். அதே 1876ல் ஆங்கில அரசு திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எழுதி முடிக்க முதலே வழக்கு செத்த மாதிரி ஆகிப்போனது. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை இருந்தது, கண்டியருக்கு அவர்களின் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களின் சட்டம். கிழக்குத் தமிழர் பொதுச் சட்டத்துக்குள் போனார்கள்.

ஆனால் சட்டம் போனாலும் சனம் வழியைக் கண்டுபிடிக்கும். இறந்த பிறகு சொத்து எப்படிப் பிரியும் என்பதைச் சட்டம் தீர்மானிக்கும் என்றால், இருக்கும்போதே எழுதிவிட்டால் போச்சு. அப்படித்தான் வீடும் வளவும் கல்யாணத்தோடு மகளின் பேருக்குச் சீதன உறுதியாக எழுதப்பட்டன. 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைத் தமிழர், முஸ்லிம்கள் ரெண்டு பக்கத்திலும் விபரமாகப் பதிவு செய்திருக்கிறார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அடுத்த மகளோடு பக்கத்தில் இன்னொரு வீட்டுக்கு மாறுவார்கள். அதையும் கொடுத்து அடுத்ததுக்குப் போவார்கள். அதனால்தான் எங்கட ஊர்களில் அக்கா தங்கச்சி, ராத்தா தங்கச்சி எல்லாம் ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறாங்க. ஆம்பிளைப் பிள்ளைகள் ஊரெல்லாம் சிதறிப் போயிருக்கிறாங்க.

இந்த இடத்தில் ஒரு சட்ட விசயத்தைக் கவனிக்க வேணும். 1876 கட்டளைச் சட்டப்படி மனைவியின் அசையாச் சொத்து அவளுடைய தனிச்சொத்துத்தான், ஆனால் விற்கிறதுக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேணும். 1923ல் வந்த விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் அந்தத் தேவையை நீக்கியது. தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணப் பெண்ணுக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனின் கையெழுத்து இன்றைக்கும் தேவை. முஸ்லிம் பெண்ணைப் பொறுத்தவரை அவளின் சொத்து அவளுடையது என்பது ஷரீஅத்தில் முதலிலிருந்தே தெளிவு. ஆக, காரைதீவுத் தமிழ்ப் பெண்ணும் சாய்ந்தமருது முஸ்லிம் பெண்ணும் தங்கட வீட்டைத் தாங்களே விற்கலாம், தாங்களே ஈடு வைக்கலாம். நொத்தாரிசுக்கு முன்னால புருசன் வந்து இருக்கத் தேவையில்லை. இது எங்கட ஊரில் கனபேருக்குத் தெரியாது. புருசன்மாருக்குத் தெரிந்தாலும் சொல்லமாட்டாங்க.

இதை வைத்து "பாருங்க, எங்கட கரையில் பெண்ணுரிமை" என்று கொடி பிடிக்க நாங்கள் தயாரில்லை. அந்த வீடு ஒரு விலை. மாப்பிள்ளை கேட்கிற விலை. வீடு விற்பனைக்கு விலை கேட்கிற வழக்கம் இங்கே சந்தையில் வளர்ந்ததை விடக் கல்யாணப் பேச்சில் வளர்ந்தது என்றே நாங்கள் சொல்லுவம். பெண் பார்க்க வாறவங்க பெண்ணைப் பார்க்கிறதுக்கு முதல் கூரையைப் பார்ப்பாங்க. கல்வீடா, ஓடா, மதில் சுற்றியிருக்கா, கேற் போட்டிருக்கா, வீதி ஓரமா ஒழுங்கைக்குள்ளயா, கிணறு நல்ல தண்ணியா? டாக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு வீடு, ஆசிரியருக்கு ஒரு வீடு, கடை வைத்திருக்கிறவருக்கு ஒரு வீடு. பேரம் நடக்கும், இழுபடும், "மேல் மாடியும் போட்டுத் தாறம்" என்று ஒரு வாக்கு வரும். கொழும்பில் தரகர் எழுதுகிற கொள்விலைக் கடிதத்துக்கு எங்கட ஊர்ச் சமம் இதுதான். வளவு இல்லாத வீட்டுப் பெண்கள் முப்பது, முப்பத்தைந்து வயது வரை காத்திருந்த கதைகளும் இதே பேரத்தின் மறுபக்கம்தான்.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் (1951) "கைக்கூலி" என்று ஒன்றை ஏற்றுக்கொள்கிறது. மாப்பிள்ளைக்கு மணப்பெண்ணின் பாவனைக்காகக் கொடுத்த பணம், நகை மாதிரியான அசையும் பொருளைப் பற்றியது அது. அதைத் திரும்பக் கேட்டு காதி நீதிமன்றம் போகலாம். வீடு அதுக்குள் வராது. வீட்டுக்குக் காவல் உறுதி மட்டும்தான். அதனால்தான் வாப்பாமார் வீட்டை மாப்பிள்ளை பேரில் எழுதாமல் மகள் பேரில் எழுதுறாங்க. "ரெண்டு பேர் பேரிலயும் எழுதுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற இடத்தில்தான் பேச்சு முறிகிறதும் நடக்கும்.

சரி, இந்த வீடுகளுக்குக் காசு எங்கிருந்து வந்தது? ஒரு தகப்பன் மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு கட்டுறதென்றால் அது இருபது, இருபத்தைந்து வருடத் திட்டம். வங்கி இல்லாத காலத்தில் வயல்தான் வங்கி. போகம் நல்லா விளைந்த வருடம் அத்திவாரம், அடுத்த நல்ல போகத்தில் சுவர், மழை பொய்த்தால் சுவரோடு நிற்கும். அவசரமென்றால் வயலை ஈடு வைப்பாங்க: காசு கொடுத்தவர் வயலைச் செய்து விளைச்சலை எடுப்பார், வட்டி கிடையாது, வாங்கின தொகையைத் திருப்பிக் கொடுத்தால் வயல் வரும். திருப்பிக் கொடுக்க முடியாமல் ஈட்டிலேயே கைவிட்டுப் போன வயல்களும் கனக்க. வீடு மகளுக்கு, வயல் கடன்காரருக்கு. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு மிஞ்சுறது படிப்பு, அல்லது மச்சான்ர வீட்டு விறாந்தை.

பெண்களின் காசு வேற வழியில் சேர்ந்தது. சீட்டு. இருபது பேர் மாதம் ஆளுக்கு 10,000 ரூபாய் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு 2 லட்சம். கூரை போடவும் நிலத்துக்கு மாபிள் பதிக்கவும் இந்தக் காசு போதும். வட்டியில்லாத சீட்டு என்பதால் முஸ்லிம் வீடுகளிலும் தயக்கம் இல்லை. சீட்டுக்கு மேல நகை, நகைக்கு மேல மத்திய கிழக்கு. 1970களின் கடைசியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் போன ஆண்களும் பெண்களும் அனுப்பின காசில் எழும்பின வீடுகளை இந்தக் கரையில் எண்ணி முடியாது. வீட்டு வேலைக்குப் போன தாய் பத்து வருடம் உழைத்து மகளுக்கு வீடு கட்டி, அந்த வீட்டில் தான் ஒரு நாளும் நிம்மதியாகப் படுக்காத கதை உங்கட ஒழுங்கையிலும் ஒன்று இருக்கும். அரசாங்கம் வந்தது பிந்தித்தான். தேசிய வீடமைப்பு அதிகார சபை 1979ல் உருவானது. 1984ல் பிரேமதாச தொடங்கின பத்து லட்சம் வீட்டுத் திட்டம் சின்னச் சின்னக் கடன் கொடுத்து, கட்டுறதைக் குடும்பத்தின் கையிலேயே விட்டது. எங்கட ஆட்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுக்கு அது ஒரு தவணை, அவ்வளவுதான்.

இப்ப விலை பேசுற விசயத்துக்கு வருவம். வாய்ப் பேச்சில் நம்பிக்கை வைக்கிற ஊர் எங்கட ஊர். "சொன்னாச் சொன்னதுதான்" என்று ஒரு லட்சமோ ரெண்டு லட்சமோ அட்வான்ஸைக் கையில் கொடுத்து, சாட்சிக்குத் தரகரை வைத்துக்கொண்டு போயிடுவாங்க. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அமுலில் கிடக்கு. காணி விற்பனை மட்டுமில்லை, விற்கிறேன் என்ற வாக்குறுதியே எழுத்தில் இருந்து, நொத்தாரிசுக்கும் குறைந்தது ரெண்டு சாட்சிக்கும் முன்னால் கையெழுத்து விழாவிட்டால் சட்டத்தில் அதுக்குப் பெறுமதி இல்லை. கொப்பித் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தாலும் அப்படித்தான். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். வளவைத் தா என்று கேட்க முடியாது. நாளைக்கு வேற ஒருத்தர் கூடக் கேட்டால் வளவு அவருக்கு. இப்படி ஏமாந்தவங்க எல்லாம் படிக்காத ஆட்கள் இல்லை.

அட்வான்ஸ் கொடுக்க முதல் கல்முனைக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேணும். முந்தின உறுதிகள் சங்கிலியாக வருதா, ஈடு ஏதும் பதிவாகியிருக்கா, தாய் தகப்பன் தங்கட சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாங்களா? சீவிய உருத்து கிடந்தால் மகள் விற்றாலும் தகப்பன் சாகும் வரை அந்த வீட்டில் இருக்கலாம். எங்கட ஊரில் இது நிறைய. பாசம் ஒருபக்கம், "எழுதிக் குடுத்திட்டா சோறு போடுவாளோ" என்ற பயம் ஒருபக்கம். நன்கொடை உறுதி என்றால் நன்றிகெட்டதனத்தைக் காரணம் காட்டி அதை ரத்துச் செய்கிற வழக்கமும் இருந்தது. வங்கிகள் அதனாலேயே நன்கொடை உறுதிக்குக் கடன் கொடுக்கப் பின்வாங்கின. 2017ல் வந்த சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அப்படி ரத்தாக்க முடியாது.

விலைக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. அதை எழுத வேணுமா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. எழுதுறம். 1985 ஏப்ரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990ல் இந்தக் கரையில் தமிழரும் கொல்லப்பட்டார்கள், முஸ்லிம்களும் கொல்லப்பட்டார்கள். அதுக்குப் பிறகு ஒரு வளவு விற்கிறது வளவு விற்கிறதாக மட்டும் இருக்கவில்லை. "அவங்களுக்கு வித்திடாதீங்க" என்ற பேச்சு ரெண்டு பக்கமும் உண்டு. எல்லை வீதி ஓரத்தில் ஒரு காணி கை மாறினாலே கதை கூட்டம் வரைக்கும் போகும். பயம் வெறும் கற்பனை இல்லை. இருந்த இடத்தை இழந்தவங்களின் பயம் அது. ஆனால் இந்தக் கட்டுப்பாட்டின் செலவு யார் தலையில் விழுது என்று யாரும் பார்க்கிறதில்லை. வாங்குறவர் தொகை பாதியாகினால் விலை குறையும். ஆறுதலாக விற்கிற பணக்காரருக்கு அது பெரிசில்லை, அவர் காத்திருப்பார். புருசனின் சத்திரசிகிச்சைக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ ஒரு மாதத்துக்குள் விற்க வேண்டிய பெண்ணுக்குத்தான் அடி. ஊரைக் காப்பாற்றுறதுக்கான வரியை ஊரிலேயே ஆக இயலாத பெண் கட்டுறா. அந்தப் பேச்சைப் பேசுற பெரியவங்க நியாய விலைக்குத் தாங்களே வாங்க முன்வாறதை நாங்கள் கனமாகக் காணவில்லை.

அரச காணியில் கதை தலைகீழ். 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கொடுத்த காணியை அனுமதி இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. 1949ல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்து, இங்கினியாகலையில் அணை கட்டி, உள்பக்கம் குடியேற்றங்கள் எழும்பினபோது காணி பிரிந்ததும் இந்தச் சட்டத்தின் ஒழுங்கில்தான். அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, காணிக்காரர் பின்னுரித்தாளியைப் பெயரிடாமல் செத்தால் பெண்ணுக்கு முன் ஆணை, இளையவருக்கு முன் மூத்தவரை வைத்தது. மகளுக்கு வீடு என்று நூற்றாண்டாக வாழ்ந்த கரைக்குப் பக்கத்தில் மூத்த மகனுக்குக் காணி என்று ஒரு சட்டம். 2022ல்தான் அது திருத்தப்பட்டது. எண்பத்தேழு வருடம்.

பிறகு கடல் வந்தது. 2004 டிசம்பர் 26. இலங்கையில் ஆகக்கூடின உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். கரையோர வளவுகளில் அடுத்தடுத்து இருந்த சகோதரிகளின் வீடுகள் சேர்ந்தே போயின. உறுதியும் போனது. அரசாங்கம் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றது, பிறகு தளர்த்தியது. ஒடுங்கின எங்கட பட்டியில் 200 மீற்றர் என்றால் ஊரின் பெரிய துண்டு. முழுதாக உடைந்த வீட்டைச் சொந்தமாகக் கட்டுறவங்களுக்கு 2,50,000 ரூபாய், தவணை தவணையாக.

அந்தக் காசுக்குப் படிவம் நிரப்பினபோது முதலாவது கட்டத்தில் "குடும்பத் தலைவர்" என்று இருந்தது. உத்தியோகத்தர் கண்ணில் குடும்பத் தலைவர் என்றால் ஆம்பிளை. உடைந்த வீடு மனைவியின் சீதனம், உதவி புருசனின் பேருக்கு. அரச காணியில் புதிதாகக் கொடுத்த வீட்டுக்கு ரெண்டு பேர் பேரிலும் பத்திரம் எழுதுறதும் பெரிய சிக்கலாக இருந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் அப்பவே இதை எடுத்துச் சொன்னார்கள். நிறைய வீடுகளில் புருசன் பெண்சாதி பிரச்சினையில்லாமல் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பிரிந்தவங்களின் வீட்டில் ஆனது. தாயின் தாயிடமிருந்து வந்த வளவை இழந்து, புருசனின் பேரில் கிடைத்த வீட்டிலிருந்து வெளியேறினா ஒருத்தி என்றால், அவளுக்குக் கடல் ரெண்டு தரம் வந்த மாதிரி.

கடைசியில் வங்கிக்கு வருவம், ஏனென்றால் உங்களில் கனபேர் வேலைக்குச் சேர்ந்ததும் போகப்போறது அங்கதான். போருக்குப் பிறகு கல்முனைப் பிரதான வீதியில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வரிசையாக வந்தன. 2005ல் வங்கிச் சட்டத்துக்கு வந்த திருத்தம் இஸ்லாமிய முறைக் கொடுக்கல் வாங்கலுக்கு இடம் கொடுத்தது; 2011ல் அமானா வங்கி வர்த்தக வங்கியாகத் திறந்தது. வட்டி வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த வீடுகளுக்கும் குறைந்துசெல்லும் பங்குடைமை என்ற வழி வந்தது: வங்கியும் நீங்களும் சேர்ந்து வாங்குறது, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குறது. வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்த சகோதரங்கள் காசு அனுப்பலாம், ஆனால் 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இரட்டைப் பிரஜாவுரிமை இல்லாமல் தங்கட பேரில் காணி வாங்க ஏலாது. ஆக அந்தக் காசும் ஊரிலிருக்கிற ஒரு தங்கச்சியின் பேரில்தான் வளவாகுது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம். 30 லட்சம் கடன், 15 வருடம், 12 வீத வட்டி. மாதத் தவணை 36,000 ரூபாய் அளவில் வரும். முடிக்கிறபோது கட்டினது 65 லட்சத்துக்குக் கிட்ட. வட்டி மாறும் வட்டி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றினது. கடன் வட்டி 24க்குப் போனது என்று வையுங்க. புதிதாக எடுத்த அந்த 30 லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாதம் 60,000. பழைய தவணை வட்டிக்கே காணாது, முதல் அசையவே அசையாது. வாடகையில் கடனைக் கட்டலாம் என்று கணக்குப் போட்டவங்க அந்த வருடம் வாடகைக்காரரின் சம்பளமும் ஏறவில்லை என்பதைக் கண்டாங்க.

இந்தக் கடனுக்கு ஈடு என்ன? பெரும்பாலும் புதிதாக வாங்குற வளவு இல்லை. உம்மாட வீடு, அம்மாட வீடு, பெண்சாதிர வீடு. தெளிவான உறுதி இருக்கிறது அதுக்குத்தான். ஆதனக் கடன் எடுக்கிற ஆசிரியரும், கடை விரிக்க ஓவர்டிராப்ட் எடுக்கிற வியாபாரியும் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறது சீதன உறுதியைத்தான்.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குப் பராட்டே அதிகாரத்தைக் கொடுத்தது. கடன் கட்டாவிட்டால் நீதிமன்றம் போகாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்கலாம். 2011ல் வந்த திருத்தம் 50 லட்சத்துக்குக் குறைந்த கடன்களை விலக்கியது. 2022 நெருக்கடிக்குப் பிறகு வியாபாரிகளின் கூக்குரலில் 2024ல் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். 2025ல் அந்தத் தவணையும் முடிந்தது. இந்தச் செய்தியெல்லாம் பேப்பரில் வந்தது. எங்கட கரைக்கு ஆக முக்கியமான ஒன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2006ல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது: பராட்டே அதிகாரம் கடன் எடுத்தவர் தன்ர சொத்தை ஈடு வைத்த இடத்தில் மட்டும் செல்லும், வேற ஒருத்தரின் கடனுக்காக மூன்றாம் ஆள் ஈடு வைத்த சொத்துக்குச் செல்லாது, அதுக்கு வங்கி நீதிமன்றம் போக வேணும். கம்பனிக் கடனுக்கு அதன் பணிப்பாளரே சொத்தை வைத்த இடத்தில் 2014ல் இன்னொரு தீர்ப்பு இதைச் சுருக்கியது. ஆனால் புருசன் கடன் எடுத்து மனைவி வீட்டை ஈடு வைத்தால், அவ அந்த மூன்றாம் ஆள்.

அவளைக் கடன் எடுத்தவராகவே சேர்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதுக்கு ஒரு கையெழுத்துப் போதும். கடன் காசு அவளின் கைக்கு வராது, கடை அவளின் பேரில் இல்லை, ஆனால் விண்ணப்பத்தில் அவளுக்கும் ஒரு கட்டம் இருக்கும். வங்கி உத்தியோகத்தர் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்ட இடமெல்லாம் காட்டுவார், புருசன் "இதுல வை, இதுல வை" என்று சொல்லுவார், பின்னேரம் பிள்ளையை வகுப்புக்கு ஏற்ற வேணும் என்ற அவசரத்தில் அவ வைத்துக்கொண்டே போவா. சில புள்ளடிகளுக்கு மேல் "ஈடு வைப்பவர்" என்று அச்சடித்திருக்கும். ஒன்றுக்கு மேல் "இணைக் கடன்பெறுநர்" என்று இருக்கும்.